கருத்து சொல்பவருக்கு என்ன லாபம்?

எங்கள் எழுத்துக் குழுவில் போன மழைக்காலத்தில் ஒரு சண்டை வந்தது. சண்டை என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். ஒருவர் இரண்டு நாள் பேசாமல் இருந்தார், இன்னொருவர் வாட்ஸப் குழுவிலிருந்து வெளியேறி மறுநாள் காலையில் திரும்பி வந்தார், அவ்வளவே. ஆனால் அன்று கிளம்பிய கேள்வி என்னை விடவில்லை. நான் எந்தப் பக்கம் என்பது எனக்கே நெடுநாள் பிடிபடாமல் இருந்தது.

குழு சின்னது. வலைப்பதிவு எழுதுகிறவர்கள், முன்பு எழுதி நடுவில் விட்டுவிட்டு மறுபடி தொடங்கியவர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாராவது தன் கட்டுரையை, வெளியிடும் முன்பே, கூகுள் டாக்ஸில் ஏற்றிச் சுட்டியை அனுப்புவார். மற்றவர்கள் படித்து ஓரத்தில் கருத்து எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை இணையத்தில் கூடிப் பேசுவோம். காரைக்குடியிலிருந்து ஓர் ஆச்சி (வயதுக்காக அல்ல, அந்தப் பக்கத்தில் அக்காவும் ஆச்சிதான்), தூத்துக்குடியிலிருந்து ஓர் அண்ணாச்சி, பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் ஒரு தம்பி, இன்னும் சிலர். ஒரே ஒரு விதிதான் உண்டு. அடுத்தவர் கட்டுரைக்குக் கருத்து எழுதாதவர் தன் கட்டுரையைத் தர முடியாது.

தம்பிக்கு அலுவலகத்தில் நெருக்கடியான காலம். தேங்கிக் கிடந்த கட்டுரைகளுக்கெல்லாம் ஒரே இரவில் கருத்துப் போட்டிருந்தான். தலைப்பு, தொடக்கம், நடை, முடிவு என்று அழகாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாராட்டு, ஓர் ஆலோசனை. இரண்டாவது கருத்தைப் படிக்கும்போதே எல்லோருக்கும் விளங்கிவிட்டது, எழுதியது அவன் இல்லை, ஏஐ. அவன் மறைக்கவும் இல்லை. “ஆமா சார், டைம் இல்லை. ஆனா சொன்னது சரியாத்தானே இருக்கு?” என்றான். ஆச்சி, “எனக்கு உபயோகமாத்தான் இருந்துச்சு” என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சிக்கு வந்ததே கோபம். “நான் உங்கிட்ட படிக்கக் குடுத்தேனா, அதுகிட்ட குடுத்தேனாடே?” என்று கேட்டுவிட்டு வெளியேறியவர் அவர்தான்.

அண்ணாச்சியின் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் தம்பியின் வாதத்திலும் ஓட்டை எதுவும் தெரியவில்லை. அந்தக் கருத்துகள் மோசமில்லை. எங்களில் சிலர் அவசரத்தில் தட்டிவிடும் “நல்லா வந்திருக்கு, முடிவு மட்டும் பாருங்க” என்பதைவிடப் பல மடங்கு மேல். கட்டுரை கொடுத்தவரின் எழுத்து மேம்படுவதுதான் இப்படி ஒரு குழுவின் நோக்கம் என்றால், கருத்து எங்கிருந்து வந்தால் என்ன?

வடை யாருக்கு?

பதில் தேடும்போது முதலில் பழைய நாட்களுக்குத்தான் போனேன். 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் என்ற பதிவுத் திரட்டியைத் தொடங்கியதும், சிதறிக் கிடந்த தமிழ்ப் பதிவுகள் ஒரே இடத்தில் தெரிய ஆரம்பித்தன. அன்று எழுதியவர்களுக்குப் பின்னூட்டக் கலாசாரத்தை நான் விளக்க வேண்டியதில்லை. பதிவு போட்ட மறுநிமிடம் “மீ த ஃபர்ஸ்ட்டு” என்று ஒருவர் வருவார். முதலில் வந்ததற்குப் பரிசு கேட்பதுபோல “வடை எனக்கே” என்று இன்னொருவர். படிக்க நேரமில்லாதவர் “உள்ளேன் ஐயா” என்று வருகையைப் பதிந்துவிட்டுப் போவார். அதற்குக் கீழே “ரிப்பீட்டே”. ஐம்பது மறுமொழி தாண்டிய பதிவில் பதிவைப் பற்றிப் பேசியவை மூன்று தேறினால் அதிர்ஷ்டம். மறுமொழி விழுந்த பதிவு திரட்டியின் முகப்பில் மேலே தெரியும் என்பதால், இப்படி மறுமொழிகளைக் குவித்துக் கும்மி அடிப்பதற்கு அன்பைத் தவிர வேறு காரணமும் இருந்தது.

அதை இன்று கேலி செய்வது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. துபாயில் தனி அறையிலும் நியூ ஜெர்ஸியில் பனிக்காலத்திலும் தமிழில் தட்டச்சு செய்யப் பழகிக்கொண்டிருந்தவர்களை, அடுத்த பதிவை எழுத வைத்தது அந்த வடைதான். எழுதிக்கொண்டே இருந்தால்தானே கை திரும்பும். தமிழ்மணத்தின் நட்சத்திர வாரமும் அதே வேலையைத்தான் செய்தது. வாரம் ஒரு பதிவரைத் தேர்ந்தெடுத்து முகப்பில் நிறுத்துவார்கள், அவர் அந்த வாரம் முழுக்க எழுதித் தள்ளுவார். சேர்த்து வைத்த சரக்கெல்லாம் முதல் சில நாட்களிலேயே தீர்ந்துபோய், அதற்கப்புறம் உண்மையாகவே யோசித்து எழுத வேண்டி வரும். நிறைய பேருடைய நல்ல பதிவுகள் நட்சத்திர வாரத்தின் பின்பாதியில் வந்தவை என்பது என் கணிப்பு.

ஆனால் கை திரும்புவது வேறு, கண் திறப்பது வேறு. எத்தனை ‘அருமை’ வாங்கினாலும் எந்தப் பத்தி அருமை, எங்கே படிப்பவர் தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார் என்பது தெரியாது. தெரியாமலே வருடக்கணக்கில் எழுதலாம். மரத்தடி போன்ற யாஹூ மின்னஞ்சல் குழுமங்களில் இருந்தவர்கள், அங்கே கதைகளை வரி வரியாக எடுத்துப் பேசியதுண்டு என்பார்கள். யாஹூ 2019 கடைசியில் குழுமங்களின் பழைய மடல்களை அழித்து, அடுத்த ஆண்டு சேவையையே மூடிவிட்டது. அந்தப் பேச்சில் பெரும்பகுதி இன்று போய்ப் பார்க்கக் கிடைக்காது.

வாரம் ஓர் ஆசிரியர்

அந்தக் காலத்தில் எழுத்தை உண்மையில் மாற்றியது எது என்று கேட்டால், நான் வலைச்சரம் என்ற கூட்டு வலைப்பதிவைச் சொல்வேன். வாரம் ஒரு பதிவர் அதற்கு ஆசிரியர். அவர் வேலை தன்னைப் பற்றி எழுதுவது அல்ல. முதல் நாள் வேண்டுமானால் ஒரு சுய அறிமுகம். மற்ற நாட்களில் மற்றவர்களுடைய பதிவுகளை எடுத்து, இதை ஏன் படிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். பலர் அதைச் சுட்டிப் பட்டியலாகவே முடித்துவிட்டார்கள், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் ஒழுங்காகச் செய்தவர்களைக் கவனித்திருக்கிறேன். ஆசிரியர் வாரம் முடிந்து தன் வீட்டுக்குத் திரும்பியதும் அவர்களுடைய சொந்தப் பதிவின் நடை கொஞ்சம் மாறியிருக்கும். அவர்களுக்கு யாரும் அறிவுரை சொல்லவில்லை. அவர்கள்தான் மற்றவர்களைப் பற்றிச் சொன்னார்கள். பின்னே எப்படி மாறியது?

இணையத்துக்கு முன்பும் இது இருந்தது. சென்னையில் 1970இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பில், அந்த மாத இதழ்களில் வந்த சிறுகதைகளை ஒருவர் உட்கார்ந்து படித்து, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் என்று கூட்டத்தில் சொல்வார். தேர்வான கதாசிரியருக்குப் பெருமை. ஆனால் அத்தனை கதையையும் படித்து, ஒன்றை எடுத்து, மற்றதை விட்டதற்கும் காரணம் வைத்திருக்க வேண்டிய அந்த ஒருவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த மாதம் அதிகம் கற்றுக்கொண்டவர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களின் இணையப் பட்டறைகள் இதை விதியாகவே ஆக்கிவிட்டன. 1995இல் ஆண்ட்ரூ பர்ட் தொடங்கிய ‘கிரிட்டர்ஸ்’ அறிபுனை, அதாவது அறிவியல் புனைகதை, எழுதுகிறவர்களுக்கான பட்டறை. நான்கு வாரத்தில் மூன்று வாரமாவது மற்றவர் கதைக்கு விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தால்தான் உங்கள் கதை வரிசையில் நகரும். ‘ஸ்க்ரிபோஃபைல்’ என்னும் தளத்தில் விமர்சனம் எழுதினால் புள்ளிகள் சேரும். அந்தப் புள்ளிகளைச் செலவழித்துத்தான் உங்கள் எழுத்தைப் பார்வைக்கு வைக்க முடியும். அந்தப் புள்ளிக்கு அவர்கள் வைத்த பெயர் கர்மா. செய்த வினை திரும்பி வரும் என்று நமக்குச் சொல்லித் தரவா வேண்டும்! ஓசியில் வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறவர்களைத் தடுக்கத்தான் இப்படி விதி போடுகிறார்கள். எங்கள் குழு விதியும் அந்த எண்ணத்தில் வந்ததே. நியாயக் கணக்கு. நான் உனக்குப் படித்தேன், நீ எனக்குப் படி.

அந்தக் கணக்கையே தலைகீழாகத் திருப்பிப் போட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில், கிறிஸ்டி லண்ட்ஸ்ட்ராம், வெண்டி பேக்கர் என்ற இருவர் செய்தது. 2009இல் வெளியானது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றுக்கொண்டிருந்த 91 மாணவர்கள், ஒன்பது வகுப்புகள். அவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு, அடுத்தவர் கட்டுரையைப் படித்துக் கருத்து சொல்வது மட்டுமே வேலை. தங்களுக்கு எந்தக் கருத்தும் கிடைக்காது. இன்னொரு கூட்டத்துக்கு, வந்த கருத்தை வைத்துத் திருத்துவது மட்டுமே வேலை. பருவத்தின் முதலிலும் முடிவிலும் எல்லோரையும் எழுத வைத்துப் பார்த்தபோது, கருத்து வாங்கியவர்களைவிடக் கருத்து சொன்னவர்களே அதிகம் முன்னேறியிருந்தார்கள். அதிலும் மொழித்தேர்ச்சி குறைவாக இருந்த மாணவர்களிடம் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. ஒரே ஓர் ஆராய்ச்சிதான், அதுவும் மாணவர்களிடம் செய்தது. அதை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்பு எழுதக் கூடாது. ஆனாலும் அதைப் படித்தபோது, வலைச்சர ஆசிரியர்கள் என் நினைவுக்கு வந்துபோனார்கள்.

தராசுக்காரர்

நான் சொல்ல வந்த இடம் இதுதான். தம்பியின் ஏஐ கருத்து விழுந்த கட்டுரைகளில் ஒன்று காரைக்குடி ஆச்சியுடையது. பூர்வீக வீட்டுச் சாமான்களை விற்ற கதை. அதே கட்டுரைக்கு நானும் கருத்து எழுதியிருந்தேன். எழுத எனக்கு இரண்டு மாலைகள் பிடித்தன.

கட்டுரை இப்படித் தொடங்கியது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வீட்டின் அமைப்பு. பர்மா தேக்குத் தூண்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசி, இன்றைக்கும் கை வைத்தால் வழுக்கும் சுவர். எல்லாம் உண்மை, எல்லாம் அழகு, எல்லாம் செட்டிநாட்டைப் பற்றி எங்கே திறந்தாலும் கிடைப்பது. ஐந்தாவது பத்தியில், முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையிலிருந்து ஒருவர் தராசோடு வருகிறார். வெண்கலப் பாத்திரங்களை விரல் கணுவால் தட்டி ஓசை பார்த்து ஒதுக்குகிறார். அண்டாவும் குண்டானும் ஏறி இறங்குகின்றன. ஆச்சியின் மாமியார் ஒரு கரண்டியை மட்டும் தட்டிலிருந்து எடுத்துவிடுகிறார். அதன் காம்பில் வெட்டியிருந்த முதலெழுத்து அவர் பிறந்த வீட்டினுடையது. “இதைச் சேத்து நிறுக்காதீக, இது இந்த வீட்டுச் சாமான் இல்லை” என்கிறார். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து அறுபது வருடம் ஆனவர் சொல்வது இது.

நான் முதலில் எழுதிய கருத்து, “தொடக்கம் மெதுவாக இருக்கிறது.” எழுதிவிட்டுப் பார்த்தேன். இதை வைத்துக்கொண்டு ஆச்சி என்ன செய்வார்? அழித்தேன். “வர்ணனையைக் குறைக்கலாம்” என்று எழுதினேன். ஏன் குறைக்க வேண்டும்? வர்ணனை நன்றாகத்தான் இருக்கிறது. அதையும் அழித்தேன். பிறகு கட்டுரையை மறுபடி முதலிலிருந்து, கர்சரை ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டு படித்தேன். இருந்தது, அமைந்திருந்தது, கட்டப்பட்டது, பூசப்பட்டது. நான்கு பத்திகளிலும் வினைச்சொல் இப்படியே முடிகிறது. யாரும் எதையும் செய்யவில்லை. அத்தனை பெரிய வீட்டில் ஓர் ஆள் இல்லை. ஐந்தாவது பத்தியில்தான் ஒருவர் வருகிறார், வந்ததும் தட்டுகிறார், ஒதுக்குகிறார், ஏற்றுகிறார். நான் எழுதியனுப்பியது கடைசியில் இரண்டே வரிதான்: “ஆச்சி, முதல் நாலு பத்தியில் ஆளே இல்லை. தராசுக்காரர் வந்த பிறகுதான் எனக்கு வீடு கண்ணுக்குத் தெரிந்தது.”

ஏஐ என்ன சொல்லியிருந்தது தெரியுமா? தொடக்கத்தை இன்னும் ஈர்ப்பாக அமைக்கலாம், உணர்ச்சிகரமான பாத்திர விற்பனைக் காட்சியை முன்னால் கொண்டுவரலாம் என்று. கிட்டத்தட்ட நான் சொன்னதேதான். தம்பி இதைத்தான் ஞாயிற்றுக்கிழமை பிடித்துக்கொண்டான். “நீங்க ரெண்டு நாள் உக்காந்து சொன்னதை அது ரெண்டு செகண்டுல சொல்லிடுச்சே சார்.” எனக்குப் பதில் வரவில்லை. அப்போது ஆச்சி, வாதம் செய்ய அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார். “அதை விடு தம்பி. அந்தத் தராசுக்காரரு வர்ற இடம், உனக்குப் படிக்கையில எப்படி இருந்துச்சு?”

தம்பி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான். “எந்தத் தராசுக்காரர்?” என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சமாளிக்கப் பார்க்கவில்லை. எனக்கு அந்த நொடியில்தான் என் பதில் கிடைத்தது. ஆச்சிக்கு நஷ்டம் எதுவும் இல்லை, அவருக்கு வேண்டியது வந்து சேர்ந்துவிட்டது. போனது தம்பிக்குத்தான். கர்சரை நகர்த்தி நகர்த்தி, ஏன் எனக்கு இங்கே அலுக்கிறது, ஏன் அங்கே நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்று தன்னையே கேட்டு, சொல்லைத் தேடி, அழித்து, மறுபடி எழுதிய அந்த இரண்டு மாலைகள் அவனுக்கு இல்லாமல் போயின. அடுத்த வாரம் என் கட்டுரையைத் திறந்தபோது, யாரும் சொல்லாமலே நான் தேடியது முதல் ஆள் எந்தப் பத்தியில் நுழைகிறார் என்பதைத்தான். இப்போது யாருடைய எழுத்தைப் படித்தாலும் அந்தக் கண் கூடவே வருகிறது. ஆச்சி என்னிடம் கட்டுரை கொடுத்ததற்கு நான்தான் நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

ஆச்சி அந்தக் கட்டுரையைத் திருத்திய விதம் தனிக்கதை. ஏஐ சொன்னபடி அவர் ஐந்தாவது பத்தியைத் தூக்கி முன்னால் வைக்கவில்லை. “வீட்டைப் பாக்காதவனுக்குக் கரண்டி எதுக்கு?” என்று கேட்டார். நியாயம்தானே. அவர் செய்தது, தராசுக்காரரை வாசலிலேயே செருப்பைக் கழற்ற வைத்து, வீடு முழுக்க நடக்கவிட்டது. அந்த ஆள் முகப்பில் நின்று தூணை அண்ணாந்து பார்க்கிறார், இரு கையாலும் கட்டிச் சுற்றளவு அளக்கிறார். சுவரில் உள்ளங்கையை ஓட்டுகிறார். ஆத்தங்குடிக் கல்லைக் கட்டைவிரலால் அழுத்தி, “பேத்தா உடையாம வருமா?” என்று கேட்கிறார். பழைய நான்கு பத்தியில் இருந்த சங்கதி ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. ஆனால் இப்போது எல்லாவற்றுக்கும் ஒருவர் மனசுக்குள் விலை போட்டுக்கொண்டே போகிறார். படிக்கிற நமக்கு, அடுத்து எதைத் தொடப்போகிறாரோ என்று பதறுகிறது. இந்த யோசனையை ஆச்சிக்கு யாரும் கொடுக்கவில்லை. ஆள் இல்லை என்ற தகவல் மட்டும் போயிற்று. மீதியை அவர் பார்த்துக்கொண்டார்.

தம்பி விஷயத்தில் குழு ஒரு முடிவுக்கு வந்தது. தன் கட்டுரையை யார் எந்த ஏஐயிடம் காட்டினாலும் அது அவரவர் இஷ்டம். எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை பார்க்க அது தாராளமாக உதவும். ஆனால் அடுத்தவர் கட்டுரைக்கான கருத்தை அவரவரே எழுத வேண்டும், இரண்டே வரியானாலும் சரி. தம்பி இப்போது இரண்டு வரிதான் எழுதுகிறான். அண்மையில் ஒரு கட்டுரைக்கு, “நாலாவது பத்தியில பாட்டி ஏன் கோவப்பட்டாங்கன்னு புரியலை. ஆனா எங்க பாட்டியும் இப்படித்தான்” என்று போட்டிருந்தான். எழுதியவர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பாட்டியின் கோபத்துக்குப் பின்னால் இருந்த காணித் தகராறு முழுவதையும் எழுதிவிட்டார்.

வாயைத் திறக்காமல் கேட்பது

கருத்து சொல்வதில் நம் ஊருக்கென்று ஒரு சங்கடம் உண்டு. வயதில் மூத்தவர் எழுத்தைத் தொட்டுப் பேச வாய் வராது. “சார் எழுதினா சரியாத்தான் இருக்கும்” என்று நழுவிவிடுவோம். அல்லது முகம் தெரியாதவர் என்றால் நேர்மாறாக, இலக்கணப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடிக்கக் கிளம்புவோம். இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு நாள் பிடித்தது. பீட்டர் எல்போ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1973இல், ஆசிரியரே இல்லாமல் எழுதுகிறவர்கள் தங்களுக்குள் கூடி நடத்தும் வகுப்பைப் பற்றி எழுதினார். அதில் அவர் கேட்பது தீர்ப்பு அல்ல. படிக்கும்போது உன் மனதுக்குள் என்ன ஓடியது, அதை மட்டும் சொல். எங்கே சிரித்தாய், எங்கே வழி தவறினாய், எங்கே வேறு நினைப்பு வந்தது. இதற்குப் புலமை வேண்டாம், நேர்மை இருந்தால் போதும். மூத்தவரிடமும் இதைச் சொல்லலாம். “இது தப்பு சார்” என்றால் மரியாதைக் குறைவு. “இந்த இடத்துல எனக்கு மனசு எங்கேயோ போயிடுச்சு சார்” என்றால், போனது என் மனசுதானே.

கேட்கிறவருக்கும் ஒரு விதி வைத்திருக்கிறோம். இது அறிபுனைக் கதைக்காரர்களின் கிளாரியன் பட்டறையில், 1968இலிருந்து இருந்துவரும் வழக்கம். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. விளக்கம் கொடுக்கவே கூடாது. விளக்கம் கொடுத்தால்தான் புரியும் என்றால், பதிவைப் படிக்கிற ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? எங்கள் கூட்டத்தில் எழுதியவர் மைக்கை மியூட்டில் போட்டுவிட வேண்டும். மியூட்டில் இருக்கும் ஒருவருடைய முகம் என்ன பாடுபடும் என்பதைப் பார்க்கவே சில பேர் தவறாமல் வருகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

இதெல்லாம் மேற்கிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் எழுதிய பனம்பாரனார், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசானுக்குக் குற்றமற விளக்கிக் காட்டிய நூல் என்றுதானே அதை அறிமுகப்படுத்துகிறார். நூலுக்குள் என்ன இருக்கிறது என்பதோடு, யார் கேட்டார் என்பதும் அந்தக் காலத்தில் பாயிரத்தில் சொல்ல வேண்டிய செய்தி. ஒரே வித்தியாசம், அரங்கேற்றத்தில் ஆசிரியர் எழுந்து விடை சொல்லலாம். எங்கள் மியூட் விதி அதங்கோட்டு ஆசானிடம் செல்லாது.

அண்ணாச்சியின் வாக்கியம்

இவ்வளவு புகழ்ந்தபின் குழுவால் வரும் கேட்டையும் சொல்லியாக வேண்டும். நாலு பேர் சேர்ந்து ஒருவர் எழுத்தைத் திருத்தினால், அது நாலு பேருக்கும் உறுத்தாத எழுத்தாக மாறும். உறுத்தாத எழுத்து பல சமயம் யாருடைய எழுத்தும் இல்லை. நீண்ட நாள் ஒன்றாக இருக்கும் குழுக்களில் எல்லோரும் ஒரே மாதிரி தொடங்கி, ஒரே இடத்தில் பத்தி பிரித்து, ஒரே தொனியில் முடிப்பதைப் பார்த்திருக்கிறேன். வலைச்சரத்தில்கூட ஒருவருடைய அறிமுகத்தை இன்னொருவருடையதாக நினைத்துப் படித்ததுண்டு.

தூத்துக்குடி அண்ணாச்சி உப்பளத்தைப் பற்றி எழுதினார். விடிவதற்கு வெகுநேரம் முன்பே, வெயிலுக்குப் பயந்து வேலைக்கு இறங்கும் ஆட்கள் பாத்தி பாத்தியாக உப்பு வாரிக் கரையில் அம்பாரமாகக் குவிக்கும் வேலை. அந்தப் பகுதி முழுவதும் ஒரே வாக்கியம். அரைப் பக்கத்துக்கு முற்றுப்புள்ளி இல்லை. குழுவில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் சொன்னோம், வாக்கியத்தை உடையுங்கள் அண்ணாச்சி. மனிதர் முனகிக்கொண்டே உடைத்தார். சின்னச் சின்னதாக, சுத்தமாக, பத்திரிகைக்கு அனுப்பலாம் போல வந்தது. ஞாயிற்றுக்கிழமை, “ரெண்டையும் வாசிக்கேன், கேளுங்க” என்றார். புதியதை வாசித்தார், சரி. அப்புறம் பழையதை வாசித்தார். வாரியும் குவித்தும் சுமந்தும் கொட்டியும் என்று அது போய்க்கொண்டே இருந்தது. மூச்சு வாங்க இடமில்லை, அவர் குரல் தேய்ந்தது, கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கும் தோள் வலிப்பது போலிருந்தது. வாக்கியம் முடிந்தபோது விடிந்திருந்தது.

அவர் நீள வாக்கியத்தைத் திரும்பப் போட்டார். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கை வைத்தார். ஆச்சியும் தம்பியும், ஒருவரை ஒருவர் பார்க்காமல் எழுதிய கருத்துகளில், ஒரே இடத்தில் தடுக்கியிருந்தார்கள். அங்கே சுமப்பது ஆணா பெண்ணா என்பது மாறிக் கிடந்தது. அதைச் சரிசெய்தார். அன்றிலிருந்து நான் கருத்துகளைப் படிக்கும் முறையே வேறு. இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அங்கே கட்டாயம் ஏதோ இருக்கிறது. எல்லோரும் ஒரே வைத்தியம் சொன்னால் மட்டும் கொஞ்சம் சந்தேகப்படுகிறேன்.

கட்டுரை வெளியானதும் முதல் பின்னூட்டம் வந்தது. “அருமை அண்ணாச்சி. அந்த வாக்கியம் மட்டும் ரொம்ப நீளம்.” அண்ணாச்சி மறுமொழி போட்டிருந்தார், “உப்பளமும் நீளந்தான் தம்பி, ஒருநாள் வந்து பாரு.”